மண் இல்லாதவர் வீட்டில் மண்ணில்லாச் செடி

மேட்டுப்பாளையம், காரமடை, சிறுமுகை வட்டாரத்தில் நாற்றுப்பண்ணை வேலை என்றால் முதலில் பை நிரப்புவதுதான். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, தொழு உரம் ஒரு பங்கு. கலந்து, சலித்து, கறுப்புப் பையில் அமுக்கி, வரிசையாக அடுக்க வேண்டும். குனிந்தபடியே நாள் முழுக்க நடக்கும் இந்த வேலையில் இருப்பவர்களில் நம் பெண்கள் ஏராளம். ஊட்டி மலைக்குப் போகிறவர்கள் வழியில் நிறுத்தி வாங்கிப்போகும் குரோட்டன்ஸும் மணி பிளான்ட்டும் அவர்கள் கை பட்டு வேர்விட்டவை. மாலையில் அவர்கள் திரும்பிப்போகும் வீட்டில் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைக்க ஓரடி மண் இருக்கிறதா என்று கேட்டால், பல வளவுகளில் இல்லை என்பதுதான் பதில்.

இப்போது அந்தப் பண்ணைகளிலேயே மண் குறைந்துகொண்டு வருகிறது. செம்மண் முன்புபோலக் கிடைப்பதில்லை. தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காகச் செம்மண் வெட்டிக் குழியாக்கிய கதையும், 2021-ல் அனுமதியில்லாத சூளைகள் மூடப்பட்டதும் கோவை மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். ஆற்று மணலின் விலையைச் சொல்லவே வேண்டாம். அதனால் குழித்தட்டிலும் தொட்டியிலும் தென்னை நார்க்கழிவு வந்து உட்கார்ந்துவிட்டது. அடுத்த படியாக, மண்ணே இல்லாமல் தண்ணீரிலும் உரக் கரைசலிலும் செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் முறையைப் பற்றி நகரத்துக்காரர்கள் பேசுகிறார்கள். கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளும் கைபேசியில் பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள்: நிலம்தான் இல்லையே, இதையாவது நாம் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் எதைச் செய்யலாம், எதில் ஏமாறக் கூடாது என்பதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

நிலம் ஏன் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுவோம், ஏனென்றால் அது தானாக நடந்த ஒன்றல்ல. கொங்கு நாட்டில் அருந்ததியர்கள் தலைமுறை தலைமுறையாகப் பண்ணயத்து ஆள்களாக இருந்தவர்கள். கமலை இறைத்த தோலும் அவர்கள் தைத்தது, வயலில் குனிந்த முதுகும் அவர்களுடையது. பட்டா மட்டும் வேறு பெயரில் இருந்தது. 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் அன்றைய பறையர் மக்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கைக்குப் பிறகு, 1892-ல் ஆங்கிலேய அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். சென்னை மாகாணம் முழுவதிலும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் அந்த நிலத்தைப் பத்து ஆண்டுகளுக்கு விற்கவே கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டவர்களுக்குள்தான் கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருக்கிறது. நிலத்தில் பெரும்பகுதி வேறு கைகளில் இருக்கிறது.

நமக்குக் கிடைத்தது வீட்டுமனை. 1978-ல் தமிழக அரசு தனிச் சட்டமே இயற்றி ஆதிதிராவிடர் நலத்துக்கு நிலம் எடுத்தது. இரண்டு சென்ட், மூன்று சென்ட் என்று பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி சொச்சம். அதில் வீடு, கழிப்பறை, ஆடு கட்ட ஓர் ஓரம், மகன் கல்யாணமானதும் இன்னோர் அறை. மிச்சம் இருப்பது வாசல்படி. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. சொல் போனாலும் மூன்று சென்ட் மூன்று சென்டாகத்தான் இருக்கிறது.

அந்த நெருக்கடியான மனைகளுக்குப் பக்கத்தில் என்ன எழும்பும் என்பதை மேட்டுப்பாளையம் மறக்க முடியாது. 2019 டிசம்பர் 2-ஆம் தேதி அதிகாலை, பெருமழையில் நடூரில் ஏறத்தாழ 20 அடி உயரச் சுற்றுச்சுவர் சரிந்து அருந்ததியர் வீடுகள்மீது விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் இறந்தார்கள். தீண்டாமைச் சுவர் என்று அங்குள்ள மக்கள் அதைச் சொன்னார்கள். செடி வளர்ப்பைப் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். சுவர், கூரை, பாரம், மழைத்தண்ணீர் ஆகியவற்றைப் பற்றிப் பேசாமல் நம் வீட்டு மொட்டை மாடியில் தொட்டி வையுங்கள் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். செடிக்கு மண் எதற்கு? வேர் பிடித்து நிற்க, தண்ணீரைத் தேக்கி வைக்க, சத்தைக் கொடுக்க, வேருக்குக் காற்று கிடைக்க. இந்த நான்கையும் வேறு வழியில் கொடுத்தால் செடி மண்ணைக் கேட்பதில்லை. ஜெர்மானிய அறிஞர்கள் சாக்ஸும் நாப்பும் 1860-களிலேயே உப்புக் கரைசலில் செடி வளர்த்துக் காட்டிவிட்டார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கெரிக்கி என்பவர் தொட்டித் தண்ணீரில் 25 அடி உயரத்துக்குத் தக்காளிக் கொடியை ஏற்றி, 1937-ல் அதற்கு ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரைப் பரப்பினார். உடனே உலகமே பசியிலிருந்து விடுபடப் போகிறது என்று பத்திரிகைகள் எழுதின. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோக்லாண்டும் ஆர்னானும் 1938-ல் நிதானமாகச் சோதித்துப் பார்த்து, நல்ல மண்ணில் கிடைக்கும் விளைச்சலைவிட இதில் பெரிதாக ஒன்றும் கூடிவிடவில்லை என்று எழுதினார்கள். இன்று விளம்பரம் பார்த்துப் பணம் கட்டப் போகிற பிள்ளைகள் இந்த இரண்டாவது செய்தியைத்தான் படிக்க வேண்டும். மண் இல்லாத இடத்துக்குத்தான் இது வரம். இரண்டாம் உலகப் போரின்போது பாறைத் தீவான அசென்ஷனில் அமெரிக்க ராணுவம் காய்கறி வளர்த்தது அதனால்தான்.

இந்தியாவிலும் இது புதிதல்ல. ஜேம்ஸ் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் 1946 முதல் வங்காளத்தின் கலிம்போங்கில் சோதனைகள் செய்தார். விலை உயர்ந்த குழாயும் மோட்டாரும் இல்லாமல், சரளையும் மணலும் நிரப்பிய தொட்டியில், கலந்த உரத்தைத் தூவித் தண்ணீர் விட்டு ஏழைகளும் செய்யக்கூடிய முறை ஒன்றை வகுத்து, 1951-ல் ‘வங்காள முறை’ என்று புத்தகமாகவே போட்டார். லட்சக்கணக்கில் முதலீடு கேட்கும் இன்றைய கண்ணாடிக் கூடங்களைப் பார்க்கும்போது, எண்பது வருடத்துக்கு முந்தைய அந்த யோசனைதான் நம் வாசலுக்கு நெருக்கமாகப் படுகிறது.

நமக்குச் சரளைக்குப் பதில் தென்னை நார்க்கழிவு இருக்கிறது. கடையில் கோகோபீட் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். பொள்ளாச்சிப் பக்கம் கயிறு ஆலைகளில் ஒரு காலத்தில் மலைபோலக் குவிந்து கிடந்த கழிவு இது. மழையில் நனைந்து கறுப்புத் தண்ணீராக ஓடி கிணறுகளைக் கெடுத்தது. இன்று அதையே அமுக்கிக் கட்டியாக்கிக் கப்பலேற்றுகிறார்கள். ஐந்து கிலோ கட்டி ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்தால் ஏறத்தாழ 70 லிட்டர் அளவுக்குப் பொங்கிவரும். தூள் பறக்கும்போது முகத்தில் துணி கட்டாமல் வேலை செய்யாதீர்கள். ஆலையில் வேலை பார்க்கும் பெண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

வாங்கிய கட்டியை அப்படியே தொட்டியில் கொட்டினால் செடி கருகும். நார்க்கழிவில் உப்பும் பொட்டாசியமும் இருக்கும். வாளியில் ஊறவைத்து, துணியில் பிழிந்து, மறுபடி நல்ல தண்ணீர் விட்டு, குறைந்தது மூன்று முறை அலச வேண்டும். பிழிந்த தண்ணீரில் காப்பி நிறம் மங்கி வர வேண்டும். டி.டி.எஸ். மீட்டர் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. கடைசி அலசலின் அளவு குழாய்த் தண்ணீரின் அளவை ஒட்டி வந்துவிட்டால் போதும். நார்க்கழிவுக்கு இன்னொரு குணம் உண்டு. நாம் கொடுக்கும் கால்சியத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே கடைசியாக ஓர் இரவு கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, மறுநாள் ஒருமுறை அலசிவிட்டுப் பயன்படுத்துவது பண்ணைக்காரர்களின் வழக்கம்.

மட்கிய எருவாக வேண்டும் என்கிறவர்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் வழி இருக்கிறது. ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் விதையும் அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காத்தால் இரண்டு மாதத்தில் மட்கும். கார்பனுக்கும் தழைச்சத்துக்குமான விகிதம் 112-க்கு 1 என்பதிலிருந்து 24-க்கு 1 என இறங்கும். மட்காத நார்க்கழிவில் வைத்த செடி மஞ்சளாவதற்குக் காரணம் இந்த விகிதம்தான். நுண்ணுயிர்கள் தங்கள் பசிக்குச் செடியின் தழைச்சத்தை எடுத்துக்கொள்கின்றன.

மண் தொட்டியில் ஏற்கெனவே இருக்கும் செடியைத் தண்ணீருக்கு மாற்றுவது எப்படி என்பதுதான் பலரும் கேட்பது. நேர்மையாகச் சொன்னால், வளர்ந்த செடியைப் பிடுங்கி மாற்றுவதைவிடப் புதிதாகத் தண்டு வெட்டித் தொடங்குவது நல்லது. மணி பிளான்ட், சிங்கோனியம், புதினா, துளசி, வல்லாரை எல்லாம் கணுவோடு வெட்டித் தண்ணீரில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வேர்விடும். அந்த வேர் தண்ணீரிலேயே பிறந்த வேர். மண்ணில் பிறந்த வேர் வேறு குணம். மண்ணின் இடுக்குகளில் இருந்த காற்றுக்குப் பழகியது அது. திடீரென்று தண்ணீரில் முக்கினால் மூச்சுமுட்டி அழுகும். பழைய வேர் செத்துப் புதிய வேர் வரும்வரை செடி இலையை உதிர்த்துக்கொண்டு நிற்கும். சிலது பிழைக்கும், சிலது போய்விடும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் இளஞ்செடியாகப் பாருங்கள். முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, மாலை நேரத்தில் தொட்டியைக் கவிழ்த்து வேர்ப்பந்தோடு எடுங்கள். மண்ணைக் கையால் பிய்க்காதீர்கள். வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு மெல்ல அசைத்தால் மண் தானாகக் கரையும். ஒரு பிடி மண் ஒட்டியிருந்தாலும் பிற்பாடு அழுகலுக்கு அதுவே விதை, எனவே இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவ வேண்டும். கறுத்த, கொழகொழத்த வேரை வெட்டிவிட்டு, ஓட்டை போட்ட சிறு கூடைத் தொட்டியில் சரளையோ களிமண் உருண்டையோ நிரப்பிச் செடியை நிறுத்துங்கள். பழைய தயிர் டப்பாவில் சூடான கம்பியால் ஓட்டை போட்டாலும் அதுதான் கூடை. முதல் பத்து நாள் வெறும் தண்ணீர் அல்லது கால் பங்கு உரக் கரைசல், நிழலில். புது வெள்ளை வேர் தெரிந்த பிறகு பாதி அளவு உரம்.

கூடையை உட்காரவைக்கும் பாத்திரத்தில் வேர் முழுவதும் மூழ்கக் கூடாது. அடிப்பாதி தண்ணீரில், மேல்பாதி காற்றில் இருக்க வேண்டும். ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிராட்கி என்பவர் மோட்டாரே இல்லாமல் செய்த முறை இதுதான். மின்வெட்டு வந்தால் செடி சாகுமே என்ற பயம் இதில் இல்லை. பாத்திரம் வெளிச்சம் புகாததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பாசி பிடிக்கும். பழைய பெயின்ட் வாளியை நன்றாகக் கழுவி வெள்ளைத் துணி சுற்றினால் போதும். சித்திரை வெயிலில் தண்ணீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் காற்று குறைந்து வேர் அழுகும், ஆகவே மதிய நிழல் அவசியம்.

உரத்தில்தான் நம் ஆட்கள் தவறுகிறார்கள். வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து விடுவார்கள். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் யூரியாவை அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றிக் கொடுப்பதால்தான் பயிர் அதை எடுக்கிறது. வெறும் தண்ணீரில் அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை. கடையில் எளிதாகக் கிடைக்கும் 19-19-19 உரத்திலும் தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா வடிவம்தான். அதில் கால்சியமும் இல்லை. ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் எல்லாம் மண்ணுக்கு நல்லவை. தேங்கிய தண்ணீரில் விட்டால் நாறும்.

பத்து லிட்டர் தண்ணீருக்குக் கால்சியம் நைட்ரேட் 8 கிராம், 13-0-45 என்று விற்கும் பொட்டாசியம் நைட்ரேட் 5 கிராம், 0-52-34 உரம் 2 கிராம், மெக்னீசியம் சல்பேட் 5 கிராம், அதோடு இரும்புச்சத்து சேர்ந்த நுண்ணூட்டக் கலவை பொட்டலத்தில் சொன்ன அளவு. தக்காளிக்கும் மிளகாய்க்கும் இது முழு அளவு. இலைச்செடிக்குப் பாதி போதும். கால்சியம் நைட்ரேட்டை மற்றவற்றோடு கெட்டியாகக் கலக்கவே கூடாது. பாஸ்பேட்டும் சல்பேட்டும் கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்புபோல அடியில் படிந்துவிடும், செடிக்கு எதுவும் போகாது. தனித்தனியாகக் கரைத்துக் கடைசியில் பெரிய வாளித் தண்ணீரில் ஒன்றன்பின் ஒன்றாக ஊற்ற வேண்டும். புளிப்புத்தன்மையைக் காட்டும் பி.எச். 5.5-க்கும் 6.5-க்கும் இடையில் இருக்கட்டும். பவானித் தண்ணீர் குழாயில் வருகிற இடங்களில் வேலை எளிது. உப்பேறிய போர்த் தண்ணீர் என்றால் மழைநீரைப் பிடித்துக் கலந்துகொள்ளுங்கள்.

தண்ணீரைத் தேக்கினால் கொசு வரும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். மூடியில் கூடைக்கு அளவான ஓட்டை மட்டுமே இருக்க வேண்டும், மற்ற இடுக்கெல்லாம் அடைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்திரத்தை உள்ளே எடுத்துவையுங்கள்.

மாடியைப் பற்றிச் சொல்கிறோம் என்றோமே. ஈர மண் ஒரு லிட்டர் ஒன்றரை கிலோவுக்கு மேல் கனக்கும். நனைந்த நார்க்கழிவு அதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். மண்ணை விடுவதில் நமக்கு உண்மையான லாபம் இதுதான். ஆனால் 200 லிட்டர் தண்ணீர் டிரம் 200 கிலோ. அரசு கட்டிக்கொடுத்த பழைய தொகுப்பு வீடுகளில் கூரைப்பூச்சு பெயர்ந்து கம்பி தெரிகிற மாடிகளில் எதையும் ஏற்றாதீர்கள், ஒரு தொட்டியைக்கூட. கைப்பிடிச் சுவரில் தொட்டி அடுக்குவதும் வேண்டாம். வாசல், பக்கத்துச் சந்து, ஜன்னல் ஓரம் போதும்.

காசு வருமா? மூன்று சென்ட் மனையில் ஐம்பது அறுபது அலங்காரச் செடி தயார் செய்து பண்ணைக்கு விற்றால் கைச்செலவுக்கு வரும். கூலிக்குப் பை நிரப்பும் கைக்கு வேர்விடவைக்கும் நுணுக்கம் ஏற்கெனவே தெரியும். மேட்டுப்பாளையத்திலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரி இருக்கிறது. மண்ணில்லாக் கலவையில், குழித்தட்டில் மரக்கன்று வளர்ப்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம். நம் மாணவர்கள் பார்க்கக் கேட்க வேண்டும். ஆனால் லட்ச ரூபாய் கட்டுங்கள், கீரையை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று வருகிறவர்களிடம் கையெழுத்துப் போடாதீர்கள். ஈமு கோழியின் பெயரால் கொங்கு நாடு இழந்த பணம் நினைவில் இருக்கட்டும்.

ஆடு வளர்ப்பவர்களிடம் மண்ணில்லாத் தீவனம் என்று ஒன்று பேசப்படுகிறது. ஒரு கிலோ மக்காச்சோளம் தட்டில் முளைத்து எட்டு நாளில் ஆறேழு கிலோ பசுந்தீவனமாகும். கூடிய எடை பெரும்பாலும் தண்ணீர் என்பதை விற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள். மேய்ச்சலுக்கு இடமில்லாத வீட்டில் பச்சை கிடைப்பது நல்லதுதான், சோளத்தின் விலையைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மானியத்துக்குப் போனால் கதை மறுபடி மண்ணுக்கே வந்துவிடுகிறது. தோட்டக்கலைத் துறையின் பெரும்பாலான மானியங்களுக்குச் சிட்டா, அடங்கல் கேட்கிறார்கள். மண்ணே வேண்டாத தொழிலுக்கு மண்ணின் பத்திரம்! வீட்டுமனைப் பட்டா கணக்கில் வராது. விதிவிலக்கு மாடித் தோட்டத் தொகுப்பு. 2013-ல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய திட்டம் அது. வளர்ப்புப் பைகள், இரண்டு கிலோ நார்க்கழிவுக் கட்டிகள், விதை, உயிர் உரம், வேப்பெண்ணெய் சேர்த்து மானிய விலையில் தருகிறார்கள். வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் இருப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பெறலாம்.

தொழிலாகவே செய்ய நினைப்பவர்களுக்குத் தாட்கோ வழியாக முதலமைச்சரின் அரைஸ் திட்டம் இருக்கிறது. திட்ட மதிப்பில் 35 விழுக்காடு, அதிகபட்சம் மூன்றரை லட்சம் ரூபாய் மானியம், வட்டியிலும் 6 விழுக்காடு சலுகை. இதைவிட முக்கியமாக நாம் நினைப்பது நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம். நிலமற்ற ஆதிதிராவிடர், பழங்குடிப் பெண்கள் விவசாய நிலம் வாங்கப் பாதி விலை, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். விற்பவர் ஆதிதிராவிடர், பழங்குடியினர் அல்லாதவராக இருக்க வேண்டும் என்பது விதி. நம் கையில் இருப்பதையே நமக்குள் மாற்றிக்கொள்ளாமல், நிலம் புதிதாக நம் பக்கம் வர வேண்டும் என்பதுதான் நோக்கம். கோவை மாவட்டத்தின் நில விலைக்கு 5 லட்சம் எத்தனை சென்ட்டுக்கு வரும் என்பது வேறு விஷயம்.

1947-ல் அண்ணல் அம்பேத்கர் ‘அரசும் சிறுபான்மையினரும்’ என்ற அறிக்கையில், வேளாண்மை அரசுத் தொழிலாக வேண்டும், நிலம் சாதி பாராமல் ஊரார்க்குக் குத்தகைக்குத் தரப்பட வேண்டும் என்று கேட்டார். தொட்டியில் செடி வைத்துக்கொள்ளுங்கள் என்பதை அந்தக் கோரிக்கைக்குப் பதிலாக யாராவது நீட்டினால் நாம் ஏற்க முடியாது. நிலம் கேட்பது ஒரு பக்கம் நடக்கட்டும். புதினா வளர்ப்பது இன்னொரு பக்கம் நடக்கட்டும். ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டியதில்லை.

அடுத்த கிராம சபைக்குப் போகும்போது நம் பெண்கள் மூன்று கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போகலாம். நம் ஊர் எல்லையில் பஞ்சமி நிலம் எவ்வளவு, எந்தப் புல எண்ணில், இப்போது யார் அனுபவத்தில்? தொகுப்பு வீடுகளின் கூரையை யார் எப்போது ஆய்வு செய்யப் போகிறார்கள்? வளவின் சமுதாயக் கூடத்துப் பின்புறக் காலியிடத்தில் மகளிர் குழு நாற்று வளர்க்க ஒரு தண்ணீர்க் குழாய் தருவீர்களா? மூன்றையும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லி, ஏறியதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.